கீபோர்டுக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி மாடிப்படியில் நின்று ஒரு செய்தி சொன்னான். தினமும் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய் வருகிறவன். அவன் கம்பெனியில் புது உத்தரவு வந்திருக்கிறதாம். இனிமேல் யாரும் தங்கள் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் பாஸ்வேர்டைச் சேமித்து வைக்க முடியாது. 'என் பாஸ்வேர்டை நினைவில் வை' என்று ஒரு சின்னக் கட்டம் வருமே, டிக் அடிப்போமே, அதை எல்லா மெஷினிலும் ஒரே நாளில் செல்லாததாக்கிவிட்டார்கள். சர்வரில் இருக்கிற ஃபோல்டரைத் திறக்கத் தினமும் காலையில் மறுபடி முழுசாகத் தட்ட வேண்டும்.

"செக்யூரிட்டிக்குத்தான் அங்கிள்" என்றான்.

"பதினாறு எழுத்துன்னு சொல்றே, எப்படிப்பா ஞாபகம் வச்சிக்கிறே?"

"எங்க அங்கிள் ஞாபகம் வைக்கிறது? வாட்ஸ்அப்ல எனக்கு நானே அனுப்பி வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த உத்தரவை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆனது என்பதும் தெரியும். அதில் என் பங்கு என்ன என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் தமிழ்நாடு அரசு குமாஸ்தாவாகி இந்த எல்லையோரத்துக்கு வந்து சேர்ந்த கதையை முன்பே எழுதியிருக்கிறேன். 2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் அலுவலகத்துக்கு ஐந்து கம்ப்யூட்டரும் ஒரு சர்வரும் வந்தன. எந்த அலுவலகம், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. நான் அப்போது கண்காணிப்பாளர். ஓய்வு பெற நாலைந்து வருஷம் இருந்தது.

ஐந்து மெஷின், பதினோரு பேர். மெஷினை ஆன் செய்தால் எல்லோருக்கும் பொதுவாக 'யூசர்' என்று ஒரே பெயரில் திறந்துகொள்ளும். சர்வருக்குள் போக மட்டும் ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. அதை டிக் அடித்துச் சேமித்து வைத்தால், யார் வந்து உட்கார்ந்தாலும் கடைசியாகச் சேமித்தவர் பெயரில் சர்வர் திறந்துகொள்ளும். இதை ஒருநாள் கான்ட்ராக்டரின் ஆள் பார்த்துவிட்டான். பெங்களூரிலிருந்து வந்த பையன், கெட்டிக்காரன். "இது டேஞ்சர் சார்" என்று சொல்லி, விண்டோஸுக்குள் எங்கேயோ ஆழத்தில் போய் ஒரு பாலிசியை மாற்றினான். அதன் பெயரைப் பின்னால் தெரிந்துகொண்டேன், எங்கள் ஊர் வழியாகப் போகிற சரக்கு ரயில் மாதிரி நீளம்: 'நெட்வொர்க் அக்சஸ்: டு நாட் அலோ ஸ்டோரேஜ் ஆஃப் பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கிரெடென்ஷியல்ஸ் ஃபார் நெட்வொர்க் ஆதென்டிகேஷன்.' அவன் மாற்றிய பதிப்பில் ஒன்றிரண்டு வார்த்தை வேறு, அர்த்தம் ஒன்றுதான். நெட்வொர்க்குக்கான பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

அவன் சொன்ன ஆபத்து உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆபத்து எங்கே இருந்தது? பதினோரு பேர் ஒரே 'யூசர்' பெயரில் நுழைந்ததில். ஆளுக்கு ஒரு விண்டோஸ் கணக்கு திறந்து கொடுத்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஒரு காலை வேலை. காலையில் ஒருமுறை தன் பெயரில் நுழைந்துவிட்டால் சர்வரே ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு 2000-லிருந்தே மைக்ரோசாஃப்டிடம் இருக்கிறது. கேட்டேன். "அது ஸ்கோப்ல இல்ல சார்" என்றான். டெண்டரில் எழுதாத வேலைக்கு அவர்கள் வைத்திருக்கும் மந்திரம் அது. தடை போடுவதற்கு மட்டும் ஸ்கோப் தேவைப்படவில்லை. ஒரு கிளிக், இலவசம்.

அதோடு, மாசத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் இருக்க வேண்டும் என்றும் வைத்துவிட்டுப் போனான். ஐம்பது வயதுக்கு மேல் டைப்ரைட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர்கள் நாங்கள். டாலர் குறி எந்த விசையில் இருக்கிறது என்று தேடவே ஒரு நிமிஷம் ஆகும்.

ஒரு மாசத்துக்குள் என்ன நடந்தது தெரியுமா? டெஸ்பாட்ச் குமாஸ்தா மேஜைக் கண்ணாடிக்கு அடியில், மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் எழுதி வைத்தார். இன்னொருவர் காலண்டரில் எழுதினார், மாசம் மாறினால் தாளைக் கிழிக்கும்போது பாஸ்வேர்டும் போய்விடும், வசதி. ஓட்டுநருக்குக்கூட மூன்று பேருடைய பாஸ்வேர்டு தெரியும். நான் என் சட்டைப் பையில் சீட்டு வைத்திருந்தேன். அது ஒருநாள் வேட்டியோடு சேர்ந்து துவைக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகு, இதுதான் நான் சொல்ல வெட்கப்படுவது, எங்கள் இளநிலை உதவியாளர் ஒரு பெண், அவரிடம் என் பாஸ்வேர்டையும் சேர்த்து எழுதி வைக்கச் சொன்னேன். "நீங்க எழுதி வச்சிக்கங்கம்மா, நான் கேக்கும்போது சொல்லுங்க" என்றேன். அவர் தன்னுடையதையும் என்னுடையதையும் ஒரே துண்டுச் சீட்டில், பொடிப்பொடியாக எழுதி, கீபோர்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

2007-ல் ஒருநாள் மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு ஒரு மனு பெறப்பட்ட தேதியைச் சர்வரில் யாரோ மாற்றியிருந்தார்கள். நான்கு நாள் பின்தேதியிட்டிருந்தது. அந்த நான்கு நாளில் யாருக்கோ லாபம். எப்படியோ வெளியே வந்து, மேலிடத்திலிருந்து விசாரணை. சர்வர் பதிவில் அந்தப் பெண்ணின் பெயர். ஒன்று நாற்பதுக்கு அவர் எங்கே இருந்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பின்னறையில் என் எதிரில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை எழுதிக் கொடுத்தேன், ஒத்துக்கொண்டார்கள். தேதியை அவர் மாற்றவில்லை என்று முடிவானது. மாற்றியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

ஆனால் விசாரணைக்கு வந்தவர்கள் கீபோர்டைத் தூக்கிப் பார்த்தார்கள். சீட்டு இருந்தது. 'கடவுச்சொல்லின் இரகசியத்தைக் காக்கத் தவறியமை.' 17(அ) குறிப்பாணை. விளக்கம் கேட்டு, திருப்தி இல்லை என்று எழுதி, ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம், திரண்ட பயனின்றி. அந்தக் குறிப்பை வரைவு செய்தது நான். கண்காணிப்பாளர் என்ற முறையில் அது என் வேலை. சீட்டின் மேல்பாதியைத்தான் கோப்பில் வைத்தார்கள். கீழ்ப்பாதியில் என் பாஸ்வேர்டு இருந்தது. அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் சொல்லவில்லை.

என் கோழைத்தனம் தனிக் கணக்கு, அதை நான் தீர்த்துக்கொள்கிறேன். இங்கே நான் கேட்பது வேறு. மனிதனால் காப்பாற்ற முடியாத ஒரு விதியை மேலே இருப்பவர் போடுகிறார். கீழே இருப்பவர் அதை மீறாமல் ஒருநாளும் வேலை பார்க்க முடியாது. எல்லோரும் மீறுகிறார்கள், எல்லோருக்கும் தெரியும். ஏதாவது நடக்கும்வரை யாரும் பேசுவதில்லை. நடந்தால், கையில் அகப்பட்டவர் தலையில் அந்த விதி இறங்குகிறது. இதைப் பாதுகாப்பு என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த அரசாங்கத் தமிழில் இதற்குப் பெயர் பொறுப்பைத் தட்டிக்கழித்தல்.

கருவூலத்தில் பழகியவர்களுக்கு இரட்டைப் பூட்டு அறை தெரியும். கதவுக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு அலுவலர். இருவரும் வந்தால்தான் திறக்கும். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. முத்திரைத்தாளும் பணமும் அதற்குள்தான் பத்திரமாக இருந்தன. அதை ஏற்படுத்தியவர்கள், சாவி திருடு போகும், ஆகவே சாவியே இருக்கக் கூடாது, சாவியின் பல் வடிவத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. சாவி யாரிடம் இருக்க வேண்டும், கைமாறும்போது எங்கே கையெழுத்திட வேண்டும் என்று வகுத்தார்கள். பொருளைப் பத்திரமாக வைக்க இடம் கொடுத்துவிட்டு, அதன்பிறகுதான் கண்ட இடத்தில் வைக்காதே என்றார்கள். கம்ப்யூட்டர் வந்தவுடன் இந்த நூறு வருஷப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

ஜுஜுவாடி சோதனைச் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சாவடிகளை எடுக்கும்வரை, இங்கே லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். நெடுஞ்சாலையில் எவ்வளவுக்கெவ்வளவு கெடுபிடி அதிகமோ, அவ்வளவுக்கவ்வளவு பாகலூர், பேரிகைப் பக்கத்து ஊர்ப்பாதைகளில் வண்டி ஓடும் என்று டீக்கடையில் எல்லோரும் பேசிக்கொள்வார்கள். பாஸ்வேர்டும் அப்படித்தான். கம்ப்யூட்டருக்குள் பூட்டி வைக்கும் வழியை அடைத்தால், அது சீட்டுக்கும் டைரிக்கும் வாட்ஸ்அப்புக்கும் போகிறது. போகாமல் இருக்கவே முடியாது. வேலை நடக்க வேண்டுமே.

சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன லேத் பட்டறை, எனக்கு வேண்டியவர் நடத்துகிறார். எட்டுப் பேர் வேலை. பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிறார். அவருடைய அக்கவுன்ட்ஸ் பார்க்கிற அம்மா ஒரு நீல டைரி வைத்திருக்கிறார். ஜிஎஸ்டி, இ-வே பில், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., பேங்க், மின்வாரியம், அப்புறம் சரக்கு வாங்குகிற ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி வென்டார் போர்ட்டல். எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது பாஸ்வேர்டு. பக்கத்துக்குப் பக்கம் அடித்து அடித்து மாற்றி எழுதியிருக்கிறது. ஆடிட்டர் கேட்டால் டைரியைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார். அந்தப் போட்டோ இப்போது எத்தனை போனில் இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். 'பாஸ்வேர்டைச் சேமிக்க வேண்டாம்' என்று அந்த அம்மாவுக்கு அறிவுரை சொல்ல யாருக்கு வாய் வரும்?

இனி எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதையும் கேட்போம். அவர்கள் எல்லோரும் முட்டாள்கள் இல்லை.

இந்தத் தடைக்கு ஒருகாலத்தில் நல்ல காரணம் இருந்தது. விண்டோஸ் 95 வந்தபோது, நெட்வொர்க் பாஸ்வேர்டுகளைப் 'பி.டபிள்யூ.எல்' என்ற ஒரு கோப்பில் வைத்தது. அதன் பூட்டு படு பலவீனம். 32 பிட் சாவி. சில மாசத்திலேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். 1995 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அவசரமாக 128 பிட்டுக்கு மாற்றிக் கொடுத்தது. அந்தக் காலத்தில் 'சேமிக்காதே' என்று சொன்ன ஆள் சரியாகச் சொன்னார். இன்றைக்கு விண்டோஸ் சேமிக்கும் பாஸ்வேர்டு, சேமித்தவருடைய சொந்தக் கணக்கோடு பின்னிய பூட்டுக்குள் இருக்கிறது. பூட்டு மாறி எத்தனையோ வருஷம் ஆகிறது, அறிவுரை மாறவில்லை.

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. திருடன் மெஷினுக்குள் வந்துவிட்டால் சேமித்தது எல்லாவற்றையும் ஒரே வாரலில் அள்ளிக்கொண்டு போவான். உண்மை. பெஞ்சமின் டெல்பி என்ற பிரெஞ்சுக்காரர் 2011-ல் 'மிமிகாட்ஸ்' என்று ஒரு நிரலை வெளியிட்டார். (பிரெஞ்சுப் பேச்சில் மிமி என்றால் செல்லமான, அழகான என்று பொருள். பூனைக்குட்டிக்கு வைக்கிற பெயர் மாதிரி.) விண்டோஸ் வயிற்றுக்குள்ளிருந்து பாஸ்வேர்டுகளைக் கக்க வைக்கும் அது. ஆனால் கவனியுங்கள். அது வெளியே எடுத்துக் காட்டியதில் முக்கியமானது, ஆள் அன்று காலை கையால் தட்டி நுழைந்த பாஸ்வேர்டு. விண்டோஸ் அதை நினைவகத்தில் அப்படியே வைத்திருந்தது. தட்டுவதை ஒற்றுக்கேட்கும் திருட்டு நிரல்களும் இருக்கின்றன. திருடன் உள்ளே வந்த பிறகு, சேமித்தவனுக்கு ஒரு கதி, தட்டியவனுக்கு வேறு கதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தட்டுகிறவன் தினமும் தட்டித் தினமும் கொடுக்கிறான், அவ்வளவுதான்.

மூன்றாவதை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். 2023 அக்டோபரில் ஆக்டா என்ற அமெரிக்கக் கம்பெனி மாட்டிக்கொண்டது. ஊரார் பாஸ்வேர்டைக் காப்பாற்றுவதே அவர்கள் தொழில். அவர்களுடைய ஊழியர் ஒருவர், ஆபீஸ் லேப்டாப்பில் தன் சொந்தக் கூகுள் கணக்கோடு குரோமில் நுழைந்திருக்கிறார். ஆபீஸ் பாஸ்வேர்டு ஒன்று அந்தச் சொந்தக் கணக்கில் போய்ச் சேமிப்பாகிவிட்டது. திருடர்களுக்கு வழி அங்கேதான் கிடைத்திருக்கும் என்று கம்பெனியே எழுதியது. பிறகு என்ன செய்தார்கள்? ஆபீஸ் லேப்டாப்பில் சொந்தக் கூகுள் கணக்கோடு குரோமில் நுழைவதைத் தடுத்தார்கள். இந்தத் தடைக்கு நானும் கைதூக்குவேன். ஆபீஸ் சாவியை வீட்டு அலமாரியில் வைக்காதே என்பது நியாயம். எந்த அலமாரியிலும் வைக்காதே என்பதுதான் அநியாயம்.

நம் அரசாங்கம் என்ன சொல்கிறது? 2022 ஜூனில் மத்திய அரசு ஊழியர்களுக்கு தேசியத் தகவலியல் மையம் ஓர் இணையப் பாதுகாப்பு வழிகாட்டி வெளியிட்டது. நல்ல விஷயங்கள் பல இருக்கின்றன, இரண்டாவது அடையாளச் சோதனை வைத்துக்கொள்ளச் சொல்வது உட்பட. ஆனால் பாஸ்வேர்டு பகுதிக்கு வந்தால்: பிரவுசரில் சேமிக்காதே. காகிதத்தில் எழுதி மேஜையில் ஒட்டாதே. ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் வைக்காதே. எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து குறைந்தது எட்டு இருக்கட்டும். 45 நாளுக்கு ஒருமுறை மாற்று.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் புத்திமதி மாதிரித்தான் தெரியும். குமாஸ்தா புத்தி, நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு ஆறு பாஸ்வேர்டு என்று வையுங்கள். 45 நாளுக்கு ஒருமுறை என்றால் வருஷத்துக்கு எட்டு முறை. நாற்பத்தெட்டுப் புதுப் பாஸ்வேர்டு. ஒன்றைப்போல் ஒன்று இருக்கக் கூடாது, பிரவுசரில் வைக்கக் கூடாது, சீட்டிலும் வைக்கக் கூடாது. வருஷத்துக்கு நாற்பத்தெட்டுக் குறள் மனப்பாடம் செய்வதுகூட எளிது, அதிலாவது அர்த்தம் இருக்கிறது. மனிதர்கள் என்ன செய்வார்கள்? மகள் பெயர், அட் குறி, 1. அடுத்த 45 நாளுக்கு 2. அதற்கடுத்து 3. ஒரு பூட்டைப் போட்டுவிட்டு அதன் சாவியை வரிசை எண்ணில் செய்கிற மாதிரி.

இந்த 'மாற்று, குறி போடு' விதிக்கு ஒரு தகப்பன் உண்டு. பில் பர் என்ற அமெரிக்க அரசு ஊழியர், 2003-ல் அவர்களுடைய தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டுக்கு எழுதிய ஆவணத்தின் பின்னிணைப்பு. உலகமே அதை எடுத்துக்கொண்டது. 2017-ல், ஓய்வு பெற்ற பிறகு, வால் ஸ்ட்ரீட் ஜர்னலிடம் அவரே தான் எழுதியதில் பெரும்பகுதிக்கு வருத்தப்படுவதாகச் சொல்லிவிட்டார். ஓய்வு பெற்ற ஒருவர் தன் வேலைக்காலத்துத் தப்பை ஊரறிய ஒத்துக்கொள்கிறார். படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அதே 2017-ல் நிஸ்ட் விதியைத் திருப்பி எழுதியது: காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதே, ஒட்டுவதைத் தடுக்காதே. 2025-ல் வந்த புதிய பதிப்பில் இன்னும் கறாராக, பாஸ்வேர்டு பெட்டகங்களை அனுமதித்தே ஆக வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். இங்கிலாந்து அரசின் இணையப் பாதுகாப்பு மையமும் 2017-லேயே, மக்களைப் பாஸ்வேர்டை ஒட்ட விடுங்கள் என்று சொல்லிவிட்டது. பிரான்சில் அரசின் பாதுகாப்பு நிறுவனமான ஆன்சி, 'கீபாஸ்' என்ற இலவசப் பெட்டக நிரலின் 2.10 பதிப்பைச் சோதித்துச் சான்றிதழே கொடுத்தது.

அவ்வளவு ஏன், 2005-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு மாநாட்டில் மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புப் பிரிவிலிருந்த ஜெஸ்பர் யோஹான்சன், இருபது வருஷமாக 'எழுதி வைக்காதே' என்று தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறோம், எழுதி வைக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் நல்ல பாஸ்வேர்டு வைப்பார்கள் என்று பேசியிருக்கிறார். எங்கள் அலுவலகத்துக்கு அந்தப் பெங்களூர்ப் பையன் வந்ததும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான்.

பிரெஞ்சில் பாஸ்வேர்டுக்கு 'மோ த பாஸ்' என்பார்கள். கடந்து போவதற்கான சொல். நம் 'கடவுச்சொல்' அச்சு அசல் அதேதான். (அலுவலகத்தில் ஒருவர் கடைசிவரை 'கடவுள்சொல்' என்றே எழுதிக்கொண்டிருந்தார். மறந்து போனால் அவனைத்தானே கூப்பிட வேண்டியிருக்கிறது.) கோட்டை வாசலில் காவல்காரனிடம் சொல்கிற ஒற்றை வார்த்தை அது. ராத்திரிக்கு ஒரு வார்த்தை, எல்லா வீரர்களும் நினைவில் வைப்பார்கள். அந்த ஏற்பாட்டை எடுத்து, ஆளுக்குப் பத்தொன்பது வாசல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை என்று ஆக்கிவிட்டு, காவல்காரனைத் திட்டினால் எப்படி?

அந்த பிரெஞ்சுக்காரர்கள் சந்தி சிரித்த கதையும் உண்டு. 2015 ஏப்ரல் 8-ஆம் தேதி ராத்திரி டிவி5மோந்த் சேனலுக்குள் திருடர்கள் புகுந்து ஒளிபரப்பையே நிறுத்திவிட்டார்கள். பழைய பாசத்தில் நான் பார்க்கிற சேனல். மறுநாள் இன்னொரு தொலைக்காட்சி அங்கே போய் ஒரு பத்திரிகையாளரைப் பேட்டி எடுத்தது. அவருக்குப் பின்னால் சுவரெல்லாம் சீட்டு. சீட்டிலெல்லாம் பாஸ்வேர்டு. அதில் யூட்யூப் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? 'லமோதபாஸ்தயூட்யூப்.' தமிழில் சொன்னால், 'யூட்யூபின்கடவுச்சொல்'. திருட்டு அந்தச் சீட்டால் நடக்கவில்லை. திருடர்கள் வேறு வழியில் வந்தவர்கள். ஆனால் படித்த, கெட்டிக்கார மனிதர்கள் நிறைந்த ஒரு தலைமை அலுவலகத்தில் பாஸ்வேர்டு எங்கே வாழ்கிறது என்று உலகம் பார்த்துவிட்டது. அமெரிக்காவில் ஹவாய் தீவின் பேரிடர் மேலாண்மை அலுவலகமும் இதே மாதிரி, மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் சீட்டோடு 2017-ல் போட்டோவுக்கு நின்றது. அவர்களுக்கெல்லாம் 17(அ) கொடுத்தார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஆகவே பாலிசியை மாற்றுகிற தம்பிகளுக்கு நான் சொல்வது: அந்த டிக் கட்டத்தைச் செல்லாததாக்கும் முன், எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு இடம் காட்டுங்கள். ஆளுக்கு ஒரு கணக்கு. அதற்கு ஒரே ஒரு நீளமான பாஸ்வேர்டு, அதை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், மனிதனால் முடியும். மற்றதெல்லாம் பெட்டகத்தில். எழுந்து போனால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளட்டும். முக்கியமான இடங்களுக்கு இரண்டாவது சோதனை. பொது மெஷினில் சேமிக்கத் தடை, சரி, ஆனால் பொது மெஷின் ஏன் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன், அந்தப் பையனுக்குத் தெரியுமோ தெரியாதோ, இன்றைய விண்டோஸில் அந்த நீளப் பெயர் பாலிசியைப் போட்டால், ஆள் இல்லாத நேரத்தில் தானாக ஓடும்படி பாஸ்வேர்டோடு புதிதாக ஏற்படுத்துகிற வேலைகளையும் அது மறுத்துவிடும். ராத்திரி பேக்கப் மாதிரியானவை. பாதுகாப்புக்காக பேக்கப்பை இழப்பது நல்ல வியாபாரமா?

நான் வீட்டில் கீபாஸ்தான் வைத்திருக்கிறேன். தம்பிதான் போட்டுக் கொடுத்தான். ஒரு பிரெஞ்சு வாக்கியம், பள்ளிக்கூடத்தில் டிக்டேஷனில் நான் தப்பாக எழுதி அடி வாங்கியது, தப்போடு சேர்த்து, அதுதான் பெட்டகத்தின் சாவி. மற்ற எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்கிறது. ஒரே ஓர் இடத்தைத் தவிர. என் பென்ஷன் வருகிற வங்கியின் பக்கம் ஒட்டவிடாது, கையால்தான் தட்ட வேண்டும். வலது கை நடுங்குகிறது. தட்டுவது நட்சத்திரமாகத் தெரிகிறது, எந்த எழுத்து இரண்டு தடவை விழுந்தது என்று எனக்குத் தெரியாது. மூன்று தடவை தப்பினால் பூட்டிக்கொள்ளும். போன வருஷம் நான்கு தடவை ஆட்டோ பிடித்துக் கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் இரக்கப்பட்டு, "சின்னதா, ஈஸியா வச்சிக்கங்க ஐயா" என்றார். பாதுகாப்பு விதி ஒரு கிழவனைக் கொண்டுவந்து நிறுத்தும் இடம் இதுதான்.

போன தை மாசம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்தில் அந்த இளநிலை உதவியாளரைப் பார்த்தேன். இப்போது அவரும் கண்காணிப்பாளர், வேறு அலுவலகம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய விஷயத்தை நானாக எடுத்தேன். அந்தச் சீட்டின் கீழ்ப்பாதியைப் பற்றியும் சொன்னேன்.

"தெரியும் சார். அத அப்பவே கிழிச்சு எங்கிட்டதான் குடுத்தாங்க" என்றார். பாயசத்தைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, "இப்பவும் எழுதித்தான் வச்சிருக்கேன். கீபோர்டுக்கு அடியில இல்ல, பர்ஸ்ல. எங்க ஸ்டாஃபுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். ஆர்டர் அப்படி இல்ல, ஆனா மெமோ வந்தா என் பேருக்கு வரட்டும்னு சொல்லியிருக்கேன்" என்றார்.